தெரியுமா? வட்டத்துக்குள் ஒரு ‘சி’!

ஒரே ஒரு வரி விட்டுப்போனதால் ஒரு சினிமா முழுசும் ஊர்ச் சொத்தாகிவிட்ட கதை தெரியுமா?

1968. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் ஜார்ஜ் ரொமேரோ என்ற 28 வயது இளைஞர், நண்பர்களோடு காசு திரட்டி ஒரு திகில் படம் எடுத்தார். செலவு சுமார் 1,14,000 டாலர். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்னும் கதை! முதலில் வைத்த பெயர் ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. அந்தத் தலைப்பு அட்டையிலேயே பதிப்புரிமை அறிவிப்பும் இருந்தது. படம் வெளியாகும் நேரத்தில் பெயரை ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்று மாற்றினார்கள். பழைய அட்டையைத் தூக்கிவிட்டுப் புது அட்டை போட்டார்கள். பழைய அட்டையோடு அறிவிப்பும் போய்விட்டது! புது அட்டையில் அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை!

அன்றைய அமெரிக்கச் சட்டம் அவ்வளவு கறார். அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை காலி! யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தைப் பிரதி எடுத்தார்கள், தியேட்டரில் ஓட்டினார்கள், பின்னாளில் கேசட்டும் டிவிடியும் போட்டு விற்றார்கள். படத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை! இன்று உலகம் முழுக்க வரும் ஜாம்பி படங்களுக்கெல்லாம் மூத்த படம் அது. 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது. எவ்வளவு பெருமை! எவ்வளவு இழப்பு!

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், நாம் ஒரு தடவைகூட நின்று படிக்காத அந்தப் பொடி எழுத்து வரிக்கு இவ்வளவு சக்தி!

*

இந்த © குறி யாருக்காகப் பிறந்தது தெரியுமா? எழுத்தாளர்களுக்காக இல்லை. ஓவியர்களுக்காக!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் புத்தகங்களில் அச்சிட வேண்டியிருந்த அறிவிப்பு நீளமோ நீளம். இன்ன ஆண்டில், இன்னார், நாடாளுமன்றச் சட்டப்படி, வாஷிங்டன் நூலகர் அலுவலகத்தில் பதிவு செய்தார் என்று முழு வாக்கியமே எழுத வேண்டும்! 1874-ல் ‘காப்பிரைட்’, ஆண்டு, பெயர் என்று மூன்றாகச் சுருக்கினார்கள். ஓவியம் வரைகிறவருக்கு அதுவும் தொல்லைதான். அழகாகத் தீட்டிய வானத்தின் நடுவே யார் இதை எழுதுவார்கள்? அதனால் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தது. வட்டத்துக்குள் ஒரு ‘சி’ போட்டு, ஓவியரின் பெயரோ முதலெழுத்துகளோ இருந்தால் போதும்! 1952-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இந்தக் குறியையே எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்டன. அமெரிக்கா தன் புத்தகங்களுக்கு அதை அனுமதித்தது 1954-ல்தான்!

அதற்குத் தம்பிகளும் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் ‘பி’ என்றால் ஒலிப்பதிவு. வட்டத்துக்குள் ‘எம்’ என்றால் சிலிக்கான் சில்லின் வரைபடம், 1984-ல் வந்தது. வட்டத்துக்குள் ‘டி’? நம்பவே மாட்டீர்கள். படகின் அடிப்பகுதி வடிவமைப்பு! அமெரிக்காவில் 1998-ல் அதற்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள்!

*

‘மறுபதிப்புக்கு அனுமதி இல்லை’ என்று முதலில் எச்சரித்தவர்கள் ஐரோப்பியர்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சீனாவின் சிச்சுவான் பகுதியில் உள்ள மெய்ஷான் ஊரில் ஒரு வரலாற்று நூல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? இது இன்னார் வீட்டில் அச்சானது, மேலதிகாரிகளிடம் முறையாகத் தெரிவித்தாயிற்று, இன்னொருவர் கட்டை செதுக்கக் கூடாது! பதிப்பாளர் பெயர், பதிவு, தடை மூன்றும் இருக்கிறதே! கூட்டன்பர்க் அச்சுப்பொறி வர இன்னும் 250 ஆண்டுகள் இருந்தன!

1511-ல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் விட்ட எச்சரிக்கை இன்னும் காரம். கன்னி மரியாளின் வாழ்க்கையைச் சொல்லும் தன் மரச்செதுக்குப் பட நூலின் கடைசியில், அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவர்களே, கை வைக்காதீர்கள் என்று நேருக்கு நேர் திட்டுகிறார்! மீறினால் பேரரசர் மாக்ஸிமிலியனின் ஆணைப்படி சரக்கும் பறிபோகும், உடம்புக்கும் ஆபத்து! காரணம் இருந்தது. இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமொண்டி அவர் படங்களை அச்சு அசலாகச் செதுக்கி விற்றார். டியூரரின் முத்திரை எழுத்துகளைக்கூட விட்டுவைக்கவில்லை!

அயர்லாந்தில் ஒரு பழங்கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித கொலம்பா, தன் குருவின் புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரதி எடுத்தாராம். வழக்கு அரசனிடம் போனது. பசு யாருடையதோ கன்றும் அவருக்கே, புத்தகம் யாருடையதோ பிரதியும் அவருக்கே என்று தீர்ப்பு! அதைத் தொட்டு ஒரு போரே மூண்டது என்கிறார்கள்!

*

‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு’... பார்க்காதவர் உண்டா? அந்த வரி ஏன் வந்தது தெரியுமா? 1910-ல் பியூனஸ் அயர்ஸில் அமெரிக்கக் கண்ட நாடுகள் சில ஓர் ஒப்பந்தம் போட்டன. உரிமையைத் தன்னிடமே வைத்திருப்பதாக ஒரு வார்த்தை அச்சிட்டிருந்தால்தான் மற்ற நாடுகளில் பாதுகாப்பு! அந்த ஒப்பந்த நாடுகளில் கடைசியாக மிஞ்சியிருந்த நிகரகுவாவும் 2000-ஆம் ஆண்டில் அந்த வரியே தேவைப்படாத வேறோர் உலக ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது. அன்றோடு அந்த வரிக்குச் சட்டத்தில் வேலையே இல்லை! ஆனாலும் புத்தகத்துக்குப் புத்தகம் இன்னும் அச்சாகிறது!

*

அறிவிப்பில் தடுக்கி விழுந்தவர்களின் வரிசை பெரிது. கேட்கிறீர்களா?

சிகாகோ நகர மையத்தில் பிகாசோவின் பிரம்மாண்டமான இரும்புச் சிற்பம் நிற்கிறது. உயரம் 50 அடி, எடை 162 டன்! 1,00,000 டாலர் சம்பளம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், சிகாகோ மக்களுக்கு என் பரிசு என்று சொல்லிவிட்டார் பிகாசோ! 1967-ல் திறப்பு விழா. பீடத்துக் கருங்கல்லிலேயே © அறிவிப்பைச் செதுக்கி வைத்தார்கள். கல்லில் செதுக்கியதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? ஆனால் 1970-ல் கோர்ட் அது செல்லாது என்றது! ஏன் தெரியுமா? பெரிய சிற்பத்துக்கு முன்னால் செய்த சின்ன மாதிரியை ஊருக்கெல்லாம் காட்டி, படத்தைப் பத்திரிகைகளுக்கு வாரிக் கொடுத்திருந்தார்கள். அதில் அறிவிப்பு இல்லை! மாதிரி பொதுச்சொத்து, அதனால் 162 டன்னும் பொதுச்சொத்து!

ராபர்ட் இண்டியானா என்ற ஓவியரின் ‘லவ்’ ஓவியம் தெரியுமா? நான்கே எழுத்து, இரண்டின் மேல் இரண்டு, அதில் ‘ஓ’ மட்டும் சாய்ந்து நிற்கும். 1965-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கியது. 1973-ல் 8 சென்ட் தபால் தலையாக வந்து 30 கோடிக்கும் மேல் அச்சானது! தபால் தலைக்காக அவருக்குக் கிடைத்தது சுமார் 1,000 டாலர். பனியன், கோப்பை, சாவிக்கொத்து என்று மற்றவர்கள் அள்ளிக் குவித்தார்கள். உரிமையை முறையாக அறிவிக்காததால் அவரால் கேட்க முடியவில்லை!

1963-ல் கேரி கிராண்ட்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த ‘ஷரேட்’ படத்தில் ஆண்டு இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது, ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு’கூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. ‘காப்பிரைட்’ என்ற சொல்லோ © குறியோ இல்லை! வெளியான அன்றே பொதுச்சொத்து!

சிரிப்பு வரவழைக்கும் ஒன்று. ‘ருடால்ஃப்’ என்ற சிவப்பு மூக்குக் கலைமானின் தொலைக்காட்சிப் படம் 1964-ல் வந்தது. அறிவிப்பில் ஆண்டை ரோமன் எண்ணில் எழுதும்போது ஓர் ‘எம்’ விட்டுப்போயிற்று. விளைவு? படம் வந்த ஆண்டு 1164! தொலைக்காட்சிக்கு 800 வயது கூடிவிட்டது!

ஆனால் டோல்கீன் கதையைக் கேட்டால் மனசு நிறையும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அமெரிக்காவில் வெளியான விதத்திலும் அறிவிப்பிலும் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, 1965-ல் ஒரு பதிப்பகம் அவரைக் கேட்காமலேயே மலிவுப் பதிப்பு போட்டது. விலை 75 சென்ட்! டோல்கீன் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க வாசகர்களுக்கு எழுதிய பதில் கடிதங்களில் எல்லாம் இந்த அநியாயத்தையும் ஒரு வரி சேர்த்தார். அனுமதி பெற்ற பதிப்பின் பின்னட்டையில், உயிரோடிருக்கும் எழுத்தாளருக்கு மரியாதை காட்டுகிறவர்கள் இதையே வாங்குவார்கள் என்று அவர் பெயரிலேயே அச்சாகியது. வாசகர்கள் கொதித்து எழுந்தார்கள்! கடைசியில் அந்தப் பதிப்பகம் பணமும் கொடுத்து, அச்சிடுவதையும் நிறுத்தியது!

*

‘ஹேப்பி பர்த்டே டு யூ’ பாட்டுக்குக் காசு கேட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

கேட்டார்கள்! வாங்கவும் செய்தார்கள்! ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர்! வீட்டில் கேக் வெட்டிப் பாடினால் பிரச்சினை இல்லை. சினிமாவில் பாடினால் பணம். அதனால்தான் பழைய ஹாலிவுட் படங்களில் பிறந்தநாள் காட்சி வந்தால் வேறு ஏதேதோ பாடுவார்கள். மெட்டுக்குச் சொந்தக்காரர்கள் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள். 1893-ல் பள்ளிப் பிள்ளைகள் காலை வணக்கம் சொல்லப் போட்ட மெட்டு அது!

2013-ல் அந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுக்க வந்த ஒருவரிடம் 1,500 டாலர் வாங்கினார்கள். அவர் நேரே கோர்ட்டுக்குப் போனார்! வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வக்கீல்கள் கையில் ஒரு பழைய பாட்டுப் புத்தகம் சிக்கியது. 1922-ல் அச்சானது. அதில் அதே பிறந்தநாள் பாட்டு, அதே வார்த்தைகள்... பதிப்புரிமை அறிவிப்பு மட்டும் இல்லை! 2015-ல், பாட்டின் வரிகளுக்குக் காசு வாங்கிவந்த நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் நிறுவனம் ஒத்துக்கொண்ட தொகை 1.4 கோடி டாலர்!

*

அறிவிப்பு போட்டால் மட்டும் திருடன் நின்றுவிடுவானா? அதனால் சிலர் பொறி வைத்தார்கள்!

1930-களில் ஒரு வரைபடக் கம்பெனிக்காரர் இருவர், தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘ஆக்லோ’ என்று இல்லாத ஊரை நியூயார்க் மாநில வரைபடத்தில் வைத்தார்கள். வேறு எவன் வரைபடத்திலாவது ஆக்லோ வந்தால் அவன் திருடன்! சில ஆண்டுகள் கழித்துப் புகழ்பெற்ற ராண்ட் மெக்னாலி வரைபடத்தில் ஆக்லோ இருந்தது. மாட்டிக்கொண்டார்கள் என்று குதித்தார்கள். ஆனால் ராண்ட் மெக்னாலி சொன்ன பதில் தெரியுமா? அந்த இடத்தில் நிஜமாகவே ‘ஆக்லோ ஜெனரல் ஸ்டோர்’ இருக்கிறதே! கடைக்காரர் முதல் வரைபடத்தைப் பார்த்து, ஓகோ நம் ஊர் பெயர் இதுதான் போல என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்! பொய் ஊர் மெய் ஊரானது! கூகுள் வரைபடத்தில்கூட 2014 வரை அது இருந்தது!

1975-ன் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் மவுன்ட்வீசல் என்று ஒரு பெண். கிராமத்துத் தபால் பெட்டிகளைப் படம் பிடிப்பதில் கெட்டிக்காரி. எரியும் பொருள்கள் பற்றிய பத்திரிகை வேலைக்குப் போன இடத்தில் வெடிவிபத்தில் 31 வயதில் மரணம்! பாவம் என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை!

கான்சாஸ் மாநிலத்தில் ஒரு டெலிபோன் கம்பெனி, தன் டைரக்டரியில் பொய்ப் பெயர்களைச் செருகியது. போட்டி டைரக்டரியில் 1,309 பதிவுகள் அப்படியே இருந்தன, அதில் 4 பொய்ப் பெயர்கள்! பொறி கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்ன சொன்னார்கள்? பெயரையும் நம்பரையும் அகர வரிசையில் அடுக்குவது படைப்பே இல்லை, அதனால் திருட்டும் இல்லை!

கணினிக்காரர்கள் இன்னும் கில்லாடிகள். ஆப்பிள் நிறுவனத்தின் நிரலை ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி நகலெடுத்தபோது, அதற்குள் ஆப்பிள் பொறியாளர் ஒருவரின் பெயரும் அப்படியே போய் உட்கார்ந்திருந்தது! 1983-ல் ஆப்பிளுக்கு வெற்றி. சூடுபட்ட ஆப்பிள், 1984-ன் மெக்கின்டோஷுக்குள் ‘ஆப்பிளிடமிருந்து திருடியது’ என்று காட்டும் ஒரு படத்தையே ஒளித்து வைத்தது! அமெரிக்காவின் டெக் நிறுவனமோ தன் சிவாக்ஸ் சில்லில், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவுக்கு ரஷ்ய மொழியில் ஒரு வாசகம் பொறித்தது. திருடுவதானால் மிகச் சிறந்ததையே திருடுங்கள் என்று சோவியத் நகல்காரர்களுக்குக் கிண்டல்!

*

இப்போது தலைகீழ்ச் செய்தி. இன்றைக்கு © போடாவிட்டாலும் உங்கள் கதை உங்களுடையதுதான்! தெரியுமா?

1886-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1908-ல் திருத்தப்பட்டபோது, எந்தச் சடங்கும் தேவையில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும் என்று வைத்தார்கள். இந்தியா 1928-லேயே சேர்ந்துவிட்டது. அமெரிக்கா? 1989 மார்ச் 1! நூறு ஆண்டுக்கும் மேல் தாமதம்! இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

அப்படியானால் அறிவிப்பு வீணா? ஐயோ, இல்லை! அமெரிக்காவில் வேண்டுமென்றே திருடினால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை அபராத இழப்பீடு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நிரூபித்தால் அது 200 டாலர் வரை இறங்கலாம்! புத்தகத்தில் அறிவிப்பு இருந்தால் அந்தத் ‘தெரியாமல்’ செல்லாது. ஒரு வரி எவ்வளவு பெரிய வேலி பாருங்கள்! எழுதுவது மிகச் சுலபம். குறி, முதலில் வெளியான ஆண்டு, உரிமையாளர் பெயர், அவ்வளவுதான். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0169 தட்டினால் © வந்துவிடும்!

இந்தியாவில் பதிவும் கட்டாயமில்லை. ஆனால் கதை, கவிதை, ஓவியத்தைப் பதிய 500 ரூபாய்தான்! விண்ணப்பித்ததும் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். எழுதியதைத் தனக்குத்தானே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி உறை பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. அது பதிவுக்கு ஈடாகாது! ஒலிநாடா, குறுந்தகடு வெளியிட்டால் மட்டும் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர், ஆண்டு போட்டே ஆக வேண்டும். அதுதான் நம் சட்டம். வீட்டில் பழைய கேசட் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்!

வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது என்பதும் தெரியுமா? ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ படம் எடுத்தார்கள் என்ற வழக்கில், 1978-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது இதையே. கரு யாருக்கும் சொந்தமில்லை, எழுதிய விதம்தான் சொந்தம்!

*

தாகூரால் இந்திய எழுத்தாளர்கள் எல்லோருக்கும் 10 ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது தெரியுமா? 1941-ல் தாகூர் மறைந்தார். அன்றைய சட்டப்படி மறைவுக்குப் பின் 50 ஆண்டு உரிமை. 1991 முடிந்தால் அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து அவர் எழுத்து போய்விடும். கெடு முடியும் கடைசி நாட்களில் அவசரச் சட்டம்! 50 என்பது 60 ஆனது!

காந்திஜி நேர் எதிர். 1910-ல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ ஆங்கிலப் பதிப்பை அவர் வெளியிட்டபோது தலைப்புப் பக்கத்தில் என்ன போட்டார்? எந்த உரிமையும் ஒதுக்கி வைக்கப்படவில்லை என்று! பின்னாளில் நவஜீவன் அறக்கட்டளையிடம் உரிமையை ஒப்படைத்தார். 2009 ஜனவரி 1-ல் அதுவும் தீர்ந்து, மறுபடி எல்லோருக்கும் சொந்தமானார்!

நம் பாரதி? உயிரோடு இருந்தபோது புத்தகம் போடக் கையில் காசில்லாமல் தவித்த மனிதர். மறைந்த பிறகு அவர் பாட்டுக்குப் போட்டி! பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948-ல் வந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு இருக்கப்போக, அதை எடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கு வந்தது. தமிழ்நாடே பேசியது. மகாகவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்குவதா? ஓமந்தூரார் ஆட்சிக்கால அரசு முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் தன் உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்தார்! 1949-ல் பாரதியின் படைப்புகள் அரசுடைமை! அரசு ஒரு கவிஞரின் உரிமையை வாங்கி மக்களுக்குக் கொடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை என்கிறார் இந்தக் கதையைத் தோண்டி எடுத்து நூலாக்கிய ஆ.இரா. வேங்கடாசலபதி! தமிழ்நாட்டில் அதன் பிறகு எத்தனை எத்தனை எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன!

*

உரிமைக்கு முடிவே இல்லாத புத்தகம் உண்டா? உண்டு! ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே.எம். பேரி, 1929-ல் அதன் உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்தார். 1937-ல் அவர் மறைந்தார். 50 ஆண்டு கழிந்து 1987-ல் உரிமை தீர்ந்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் சும்மா விட்டதா? 1988-ல் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவைச் சேர்த்து, பிரிட்டனில் அந்தக் கதைக்கு வரும் ராயல்டி என்றென்றும் அந்த மருத்துவமனைக்கே என்று எழுதிவைத்தது! இதுவரை எவ்வளவு வந்திருக்கும்? கேட்டால் மருத்துவமனை சொல்லாது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது பேரியின் விருப்பம். பல தலைமுறைகள் ஆகியும் அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறார்கள்!